கிளப் கோச்சில் அவே மேட்ச்: காசுக்குத் தகுமா?

இங்கிலாந்தில் பிரீமியர் லீக் கால்பந்தின் அவே மேட்சுக்கு, அதாவது எதிரணி மைதானத்தில் நடக்கும் ஆட்டத்துக்கு, போக நான்கு வழி உண்டு: கிளப்பே ஏற்பாடு செய்யும் கோச் (நெடுந்தூரப் பேருந்து), ரசிகர் சங்கங்கள் விடும் கோச், ரயில், சொந்தக் கார். இதில் கிளப் கோச்சுக்குக் காசு கொடுக்கலாமா என்பதுதான் இங்கே கேள்வி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். போகும்போது நான்கிலும் கிளப் கோச்தான் மட்டம். மெதுவாகப் போகும், கால் நீட்ட முடியாது, வழியில் ஒரு கேன் பியருக்குக்கூட வழியில்லை. திரும்பும்போது அதை அடிக்க ஆளில்லை. கடைசி விசில் எத்தனை மணிக்கு ஊதினாலும் உங்களுக்காக நின்றுகொண்டிருக்கும் வண்டி அது ஒன்றுதான். அதனால் வாரநாள் இரவு ஆட்டமா, கோச். சனிக்கிழமை மதியம் 3 மணி ஆட்டமா, ரயில். மூன்று நான்கு பேர் சேர்ந்து போகிறீர்கள், அதில் குடிக்காத ஒருவர் இருக்கிறார் என்றால் கார். போகிற வழியை மட்டும் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் நள்ளிரவில் பூட்டிய ஸ்டேஷன் வாசலில் நிற்கிறார்கள்.

முதலில் டிக்கெட்

மேட்ச் டிக்கெட் உறுதியாகாமல் பயணத்துக்கு ஒரு காசும் கட்டாதீர்கள். அவே டிக்கெட்டில் விலை ஒரு தொல்லையே இல்லை. 2016-17 சீசன் முதல் பெரியவர்களுக்கு 30 பவுண்டுதான் உச்சவரம்பு. தொல்லை எண்ணிக்கையில்தான். வருகிற அணிக்கு 3,000 இருக்கை. மைதானம் 30,000 பேருக்குக் குறைவாகக் கொள்ளுமானால் கொள்ளளவில் 10 சதவீதம். போர்ன்மத் மைதானம் 11,000 சொச்சம் பேருக்கானது என்பதால் அங்கே வருகிறவர்களுக்கு ஆயிரத்துச் சொச்சம்தான் கிடைக்கும். பெரிய கிளப் ஒன்றின் ரசிகருக்கு மான்செஸ்டர் யுனைடெட்டின் பெரிய மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் இடம் பிடிப்பதைவிட இந்தச் சின்ன மைதானத்தில் இடம் பிடிப்பது கடினம் என்பது புதிதாக வருகிறவர்களுக்குப் புரிய ஒரு சீசன் ஆகும்.

விற்பனை லாயல்டி பாயிண்ட் (முன்பு போன ஆட்டங்களுக்குக் கிளப் தரும் புள்ளி) வரிசையில் நடக்கும். முதல் நாள் அதிகப் பாயிண்ட் உள்ள சீசன் டிக்கெட்காரர்களுக்குத் திறப்பார்கள், பிறகு வரம்பை இறக்கிக்கொண்டே வருவார்கள், மிஞ்சினால் உறுப்பினர்களுக்கு. ஆக, பாயிண்ட் இல்லாமல் டிக்கெட் இல்லை, டிக்கெட் இல்லாமல் பாயிண்ட் இல்லை. இந்த முடிச்சை அவிழ்க்க ஒரே வழி, யாருக்கும் போக மனமில்லாத ஆட்டங்களில் தொடங்குவது: பிப்ரவரிச் செவ்வாய்க்கிழமை இரவு, 250 மைல் தள்ளி, பெரிய மைதானம். இன்னொரு வாசல், லீக்குக்கு வெளியே நடக்கும் நாக்அவுட் போட்டியான எஃப்ஏ கோப்பை. அதில் வருகிற அணி 15 சதவீதம் வரை இருக்கை கேட்கலாம் என்பதால் வரிசை வெகு கீழே வரை இறங்கும்.

தெரிந்தவரிடம் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்களுக்கு: 1994ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதி, பொது ஒழுங்குச் சட்டத்தின் 166ஆம் பிரிவின்படி, அனுமதியில்லாமல் கால்பந்து டிக்கெட் விற்பதே குற்றம். கச்சேரி டிக்கெட்டைக் கைமாற்றுவது போல இங்கே முடியாது. அது போக, சில கிளப்புகள் குறிப்பிட்ட சிலரைத் தேர்ந்தெடுத்து, 'மைதானத்தில் வந்து அடையாள அட்டையைக் காட்டி டிக்கெட்டை வாங்கிக்கொள்ளுங்கள்' என்று ஆட்டத்துக்குச் சில நாள் முன்பு மின்னஞ்சல் அனுப்பும். அடுத்தவர் பெயரில் போகிறவர் அங்கே மாட்டிக்கொள்வார், உண்மையான உறுப்பினர் தன் பாயிண்ட்டை இழப்பார். வீட்டு அணி ரசிகர்கள் பகுதியில் இருக்கை வாங்கி ஜெர்சி போடாமல் உட்கார்ந்துவிடலாம் என்பதும் பழைய தந்திரம்தான். உங்கள் அணி கோல் போட்ட அந்த நொடியில் முகம் காட்டிக்கொடுத்துவிடும், ஸ்டூவர்ட் (மைதான ஊழியர்) வந்து வெளியே கூட்டிப்போவார்.

இப்போது பெரும்பாலும் டிக்கெட் போனில்தான் வருகிறது. ஆட்டத்துக்கு முந்தின இரவே போனின் வாலட் செயலியில் இறக்கிவிடுங்கள். மைதானத்தைச் சுற்றி ஐம்பதாயிரம் பேர் ஒரே நேரத்தில் போனைத் திறக்கும்போது டேட்டா நகராது. டர்ன்ஸ்டைலில் (மைதானத்தின் சுழல் வாசலில்) அடிக்கடி நடக்கும் கூத்து இது: போனை ரீடரில் வைத்தவுடன் டிக்கெட்டுக்குப் பதில் வங்கி அட்டை எழுந்து வந்து நிற்கும், சிவப்பு விளக்கு எரியும், பின்னால் நிற்பவர் பொறுமையிழந்து தோளில் தட்டுவார். வரிசையில் நிற்கும்போதே வாலட்டைத் திறந்து டிக்கெட்டைத் திரையில் வைத்துக்கொண்டால் இது நடக்காது. மழையில் நனைந்த திரை விரலுக்குப் பணியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேதியை நம்பாதே

ஜூனில் வெளியாகும் அட்டவணை ஓர் உத்தேசம் மட்டுமே. எல்லா ஆட்டமும் சனிக்கிழமை 3 மணி என்றுதான் அதில் பெரும்பாலும் இருக்கும். பிறகு தொலைக்காட்சிக்காரர்கள் பொறுக்கி எடுக்கத் தொடங்குவார்கள்: வெள்ளி இரவு 8, சனி 12.30, சனி 5.30, ஞாயிறு 2 அல்லது 4.30, திங்கள் இரவு 8. வியாழக்கிழமை ஐரோப்பியக் கோப்பை ஆடும் அணிகளின் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளும். இந்த மாற்றங்கள் பெரும்பாலும் ஐந்தாறு வாரம் முன்புதான் உறுதியாகும். அதற்கு முன்பு வாங்கிய மலிவு ரயில் டிக்கெட் மலிவே அல்ல, பந்தயம்.

கிளப் கோச்சின் பெரிய பலம் இங்கேதான். நீங்கள் பதிவு செய்வது ஆட்டத்துக்கு, தேதிக்கு அல்ல. ஆட்டம் திங்கள் இரவுக்குப் போனால் கோச்சும் திங்கள் இரவுக்குப் போகும். உங்களால் வர முடியாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்க வழியிருக்கும். 2022 செப்டம்பரில் எலிசபெத் அரசியார் மறைந்தபோது, அந்த வாரக் கடைசியின் ஆட்டங்கள் அத்தனையும் தள்ளிவைக்கப்படுகின்றன என்று முந்தின நாள் வெள்ளிக்கிழமைதான் அறிவித்தார்கள். 2024 டிசம்பர் 7 அன்று டாராக் புயலால் கூடிசன் பார்க்கில் நடக்க இருந்த எவர்ட்டன்-லிவர்பூல் ஆட்டம் அன்று காலையில்தான் நிறுத்தப்பட்டது. இப்படி நேரும்போது மேட்ச் டிக்கெட் புதிய தேதிக்குச் செல்லும். குறிப்பிட்ட வண்டிக்கு வாங்கிய ரயில் டிக்கெட்டும், ரத்து செய்ய முடியாத ஓட்டல் அறையும் செல்லாது.

கோச் கிளம்பிய பிறகு ஆட்டம் நின்றால் என்ன ஆகும் என்பதைப் பதிவு செய்யும்போதே படித்துப் பாருங்கள். பல கிளப்புகளின் விதிகளில் அந்த வரி இருக்காது, அல்லது உங்களுக்குச் சாதகமாக இருக்காது.

கோச் ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது

குறை சொல்வதற்கு முன் காரணம் தெரிந்துகொள்வது நல்லது. கோச்சுகளில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி உண்டு. மணிக்கு 62 மைலுக்கு மேல் ஓடாது. மூன்று தடம் உள்ள மோட்டார்வேயில் வலது ஓரத் தடத்தில் ஏறவும் கூடாது, ஆகவே முன்னால் ஒரு லாரி இன்னொரு லாரியை முந்தப் பார்த்தால் அத்தனை பேரும் அதன் பின்னால்தான். ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு 9 மணி நேரம் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10.

இதை வைத்து நியூகாசிலிலிருந்து போர்ன்மத்துக்குக் கணக்குப் போடுங்கள். ஒரு வழி சுமார் 350 மைல். நெரிசலே இல்லாவிட்டாலும் கோச்சுக்கு ஆறரை மணி நேரம் ஓட்டம், முக்கால் மணி கட்டாய ஓய்வு, அதாவது ஏழேகால். மதியம் 3 மணி ஆட்டத்துக்கு ஒன்றரைக்குச் சேர வேண்டுமானால், வழியில் எதுவும் நடக்காது என்று நம்பினாலே காலை ஆறுக்குக் கிளம்ப வேண்டும்; நம்பாத கிளப் ஐந்துக்கே கிளப்பும். போக வர 13 மணி நேர ஓட்டத்தை ஒரே ஓட்டுநர் சட்டப்படி ஓட்ட முடியாது. இரண்டு ஓட்டுநர் வேண்டும், அல்லது நடுவழியில் ஆள் மாற வேண்டும். கிளப் கோச் கட்டணத்தில் அதுவும் சேர்ந்திருக்கிறது.

நண்பர்கள் சேர்ந்து வாடகைக்கு வண்டி பிடிக்கும்போது பாதி விலையில் ஒருவர் கிடைத்துவிட்டார் என்றால், 'எத்தனை ஓட்டுநர்?' என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். ஒருவர்தான் என்று பதில் வந்தால், 80ஆவது நிமிடத்தில் 'நேரமாகிவிட்டது, கிளம்பணும்' என்று போன் வரும், அல்லது தூக்கக் கண்ணோடு ஒருவர் உங்களை இரவு முழுக்க ஓட்டிக்கொண்டு போவார். இரண்டும் வேண்டாம்.

கால்பந்துக்குப் போகும் கோச்சுகளுக்குத் தனி வழிகாட்டுதலும் இருக்கிறது. ஆட்டம் தொடங்க இரண்டு மணி நேரத்துக்கு முன் மைதானம் சேரக் கூடாது. முடிந்து அரை மணிக்குள் கிளம்பிவிட வேண்டும். காவல்துறை அனுமதியில்லாமல் மைதானத்திலிருந்து 10 மைலுக்குள் எங்கும் நிறுத்தக் கூடாது. 'ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு மேட்சுக்குப் போகலாம்' என்ற ஆசை உள்ளவருக்குக் கோச் சரிப்படாது என்பதற்கு இதுவே காரணம். பிரைட்டன் வரை போய்விட்டுக் கடலைக் கண்ணில் பார்க்காமல் திரும்புவீர்கள்.

மதுவைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். 1985ஆம் ஆண்டு விளையாட்டு நிகழ்வுகள் சட்டம், ஆட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் கோச்சில் மது வைத்திருப்பதையே குற்றமாக்குகிறது. குடிப்பதை மட்டும் அல்ல. திறக்காத கேன் பையில் இருந்தாலும் குற்றம், போதையில் ஏறினாலும் குற்றம். எட்டுப் பேருக்கு மேல் ஏற்றும் மினிபஸ்ஸுக்கும் இது பொருந்தும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மோட்டார்வே சர்வீஸில் (வழியோர ஓய்விடத்தில்) ஏறி இறங்கும்போது காவலர்கள் சோதித்தால் ஒருவரின் பையால் வண்டியே நிற்கும், ஆபரேட்டரின் உரிமத்துக்கும் கேடு. மைதானத்துக்கு உள்ளே ஸ்டாண்டுக்குப் பின்னால் பியர் விற்பார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆடுகளம் தெரியும் இடத்துக்கு வரக் கூடாது.

கோச்சின் நடைமுறை

பதிவு ஆட்டத்துக்குச் சில நாள் முன்பே மூடிவிடும். ஒரு கோச்சில் 49 முதல் 53 பேர். சக்கர நாற்காலி ஏறும் வண்டி வேண்டுமானால் கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள், டிக்கெட் கிடைத்த அன்றே சொல்லிவிடுங்கள். அந்த வசதி உள்ள வண்டியைத் தனியாகப் பிடிக்க வேண்டியிருக்கும். குழந்தைகளைக் கூட்டிப்போகிறவர்கள், பெரியவர் துணை எந்த வயது வரை கட்டாயம் என்று கேட்டுக்கொள்ளுங்கள், கிளப்புக்குக் கிளப் வேறுபடும்.

ஒரு பலன் பட்டியலில் வராது: பை. பல மைதானங்களில் ஏ4 தாள் அளவைவிடப் பெரிய பையை உள்ளே விட மாட்டார்கள். ரயிலில் வருகிறவர் அதை வைக்க இடம் தேடி அலைவார். கோச்சில் வந்தவர் இருக்கையிலேயே விட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு போகலாம். மாற்றுக் காலுறை ஒரு ஜோடி அதில் இருக்கட்டும்.

ஆட்டம் முடிந்த பிறகு கோச் நிறுத்தத்தில் நடப்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். இருட்டில் முப்பது வண்டிகள், அத்தனையும் வெள்ளை, அத்தனையும் எஞ்சின் உறுமிக்கொண்டு நிற்கும். எது உங்களுடையது என்பதைச் சொல்வது முன்கண்ணாடியின் மூலையில் ஒட்டிய ஒரு தாளும் அதில் மார்க்கர் பேனாவில் எழுதிய எண்ணும்தான். மூச்சுக்காற்றில் கண்ணாடி பனித்திருந்தால் அதுவும் தெரியாது. இறங்கும்போதே மூன்று படம் எடுங்கள்: அந்தத் தாள், பின்பக்க நம்பர் பிளேட், நிறுத்தத்திலிருந்து மைதானம் தெரியும் கோணம். திரும்பும்போது வேறு இடத்தில் நிறுத்தியிருந்தால் நம்பர் பிளேட்தான் கைகொடுக்கும். அரை மணிதான் கெடு. கோச்சின் ஸ்டூவர்ட் பெயர்ப் பட்டியலில் டிக் போட்டுக்கொண்டு வருவார், ஒருவர் குறைந்தால் போன் செய்வார், போன் அணைந்திருந்தால் வண்டி போய்விடும். பவர் பேங்க் எடுத்து வராதவர்கள் இரண்டாம் பாதியில் வீடியோ எடுக்காமல் இருப்பது நல்லது.

இந்தச் சேவையின் உண்மையான குறை வேறொன்று. இரவு 8 மணி ஆட்டம், மூன்று மணி நேரத் தூரம் என்று வையுங்கள். கோச் உங்கள் வீட்டு மைதானத்தில் இறக்கிவிடும்போது மணி ஒன்றரை, இரண்டு. பஸ்ஸும் ரயிலும் இருக்காது. மைதானத்திலிருந்து வீட்டுக்கு டாக்சி கோச்சைவிட அதிகம் பிடிக்கலாம். கிளப்புகள் விளம்பரத்தில் போகும் நேரத்தைக் கொட்டை எழுத்தில் போடுகின்றன, திரும்பும் நேரத்தைப் போடுவதே இல்லை. காரை மைதானத்தில் விட்டுவிட்டு வரலாமா என்று முதலிலேயே கேளுங்கள். இதுவும் போதாதென்று, நெடுஞ்சாலைத் துறை பராமரிப்புக்காக மோட்டார்வே பகுதிகளை மூடுவதும் இரவு ஒன்பது பத்து மணிக்கு மேல்தான். மாற்றுப்பாதையில் ஊர் ஊராகச் சுற்றி வரும் ஒரு மணி நேரம் காரில் போனாலும் கோச்சில் போனாலும் உங்கள் கணக்கில்தான்.

ரசிகர் சங்கக் கோச் இந்த ஒரு விஷயத்தில் முந்துகிறது. வீட்டு மைதானத்திலிருந்து மட்டுமல்லாமல் சுற்று ஊர்களிலும் ஏற்றி இறக்குவார்கள், பல நேரம் விலையும் குறைவு. போகிற வழியில் ஒரு பப்பில் சாப்பாட்டுக்கு நிறுத்தவும் ஏற்பாடு இருக்கும்; காவல்துறைக்கு முன்கூட்டித் தெரிவித்து, சாப்பாட்டோடு மட்டும் மது என்ற நிபந்தனையில். உறுப்பினராக இருக்க வேண்டும், பின்வரிசைகள் பல வருடமாக ஒரே ஆட்களுக்கு என்பது எழுதாத சட்டம். சிலருக்கு அது ஒட்டும், சிலருக்கு ஒட்டாது.

ரயில்

அட்வான்ஸ் டிக்கெட் பொதுவாக 12 வாரம் வரை முன்பே விற்பனைக்கு வரும், குறிப்பிட்ட வண்டிக்கு மட்டும் செல்லும், பணம் திரும்பாது. மாற்றுவதற்கு டிக்கெட் ஒன்றுக்கு 10 பவுண்டு வரை கட்டணமும் விலை வித்தியாசமும். மேட்சுக்குப் போகிறவர் போகும் வழிக்கு அட்வான்ஸ் வாங்கலாம், திரும்பும் வழிக்கு வாங்கக் கூடாது. காயத்துக்காக ஆட்டம் நின்றது, கூடுதல் நேரம் 11 நிமிடம், வெளியே வர இருபது நிமிடம் காக்க வைத்தார்கள் என்றால் அந்த டிக்கெட் குப்பை. ஆஃப்-பீக் ரிட்டர்ன் கூடுதல் விலைதான், ஆனால் நெரிசல் நேர வண்டிகள் தவிர எதிலும் ஏறலாம். லண்டன்-நியூகாசில் தடத்தில் மட்டும் கவனம்: எல்என்இஆர் ரயில் நிறுவனம் 2024 பிப்ரவரியில் தொடங்கிய சோதனை முயற்சியில் ஆஃப்-பீக்கை எடுத்துவிட்டு, குறித்த வண்டிக்கு 70 நிமிடம் முன்பின் மட்டும் ஏறலாம் என்ற டிக்கெட்டைக் கொண்டுவந்தது. ஒரு கால்பந்து ஆட்டத்துக்கு 70 நிமிடம் போதும், ஆட்டம் ஒழுங்காக முடிந்தால். இன்னொரு ரயில் நிறுவனமான அவான்ட்டியின் சூப்பர்ஃபேர் டிக்கெட் வேண்டவே வேண்டாம். காலை, மதியம், மாலை என்று பொழுதை மட்டும் நீங்கள் சொல்ல, எந்த வண்டி என்பதை ஒரு நாள் முன்புதான் அவர்கள் சொல்வார்கள்.

மூன்று முதல் ஒன்பது பேர் சேர்ந்து போனால், ஏற்றுக்கொள்ளும் நிறுவனங்களில் குரூப்சேவ் என்ற குழுச் சலுகை கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கும். பயணத்தைத் துண்டு துண்டாக டிக்கெட் எடுப்பதும் சட்டப்படி சரிதான், பிரிக்கும் ஸ்டேஷனில் அந்த வண்டி நிற்க வேண்டும், அவ்வளவே. வண்டி தாமதித்து முதல் பாதியைத் தவறவிட்டால் டிலே ரீபே என்ற தாமத இழப்பீட்டுத் திட்டத்தில் 28 நாளுக்குள் கேளுங்கள். கிடைப்பது ரயில் கட்டணத்தில் பங்கு மட்டும், மேட்ச் டிக்கெட்டுக்கு எதுவும் வராது.

வாரநாள் இரவு ஆட்டத்துக்கு ரயில் உதவாது. எட்டு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் முடிய ஏறக்குறைய பத்தாகும். மான்செஸ்டரிலிருந்தோ நியூகாசிலிலிருந்தோ லண்டனுக்குக் கடைசி வண்டி அதற்குள் போயிருக்கும். எஃப்ஏ கோப்பையில் 2024-25 முதல் மறு ஆட்டம் கிடையாது என்பதால் சமன் என்றால் அன்றைக்கே அரை மணி கூடுதல் ஆட்டம், பிறகு பெனால்டி, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை தண்டவாள வேலைகளும், டிசம்பர் 26 அன்று ஏறக்குறைய முழு வலையமைப்பும் உறங்குவதும் தனிக்கதை. பாக்சிங் டே ஆட்டத்துக்கு ரயிலில் போகலாம் என்று திட்டமிடுகிறவர் நாட்காட்டியைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

கார்

நான்கு பேருக்குப் பங்கு போட்டால் விலையில் எதுவும் இதை நெருங்காது. மாட்டிவிடுவது வண்டி நிறுத்த இடம். மைதானத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் ஆட்ட நாளில் குடியிருப்போர் மட்டும் நிறுத்தலாம் என்ற பலகை விளக்குக் கம்பத்தில் உயரத்தில் இருக்கும், கண்ணில் படாது, அபராதச் சீட்டு மட்டும் கண்ணாடியில் படும். இருபது முப்பது நிமிட நடைத் தூரத்தில், மோட்டார்வே இருக்கும் பக்கமாக, வண்டியின் முகத்தை வெளியே போகும் திசைக்குத் திருப்பி நிறுத்துங்கள். நடந்து முடிப்பதற்குள் கூட்டம் பாதி கலைந்திருக்கும். லண்டன் ஆட்டம் என்றால் 2023 ஆகஸ்ட் முதல் யூலெஸ் (அதிகம் புகை விடும் வண்டிகளுக்கான கட்டணம்) நகரின் எல்லா பரோக்களிலும் (நிர்வாக வட்டங்களிலும்) உண்டு. பழைய டீசல் வண்டிக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண்டு, நள்ளிரவைத் தாண்டி உள்ளேயே ஓட்டிக்கொண்டிருந்தால் இரண்டு நாள் கணக்கு.

எந்த வண்டியில் போனாலும் மைதானம் தன் குணத்தைக் காட்டும். நியூகாசிலில் அவே ரசிகர்கள் உட்காருவது லீசஸ் ஸ்டாண்டின் உச்சியில், ஏழாம் நிலையில். பதினான்கு அடுக்குப் படிக்கட்டு. முழங்கால் சரியில்லாதவர்கள் லிஃப்ட்டுக்கு முன்கூட்டிச் சொல்லிவையுங்கள், மற்றவர்கள் ஆட்டம் தொடங்கக் கால் மணி முன்பு வாசலுக்கு வந்து சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். கிரிஸ்டல் பேலஸின் செல்ஹர்ஸ்ட் பார்க்கில் ஆர்தர் வெய்ட் ஸ்டாண்டின் தூண்கள் கோல் முகத்தை மறைக்கும். பார்வை மறைப்பு என்று டிக்கெட்டில் போட்டிருந்தால் அது சம்பிரதாய எச்சரிக்கை அல்ல. ஃபுல்லம் போகிறவர்களுக்குப் பட்னி பிரிட்ஜ் ஸ்டேஷனில் இறங்கி பிஷப்ஸ் பார்க் வழியாக ஆற்றோரம் நடப்பது, லீகிலேயே இனிமையான அவே நடை. எவர்ட்டன் ஆடவர் அணி 2025இல் பிராம்லி-மூர் துறையருகே புதிய ஹில் டிக்கின்சன் மைதானத்துக்குப் போய்விட்டது. அருகிலுள்ள ஸ்டேஷன் சாண்ட்ஹில்ஸ். பழைய வழிகாட்டிகள் இன்னும் கூடிசன் பார்க்குக்கே வழி சொல்கின்றன, அங்கே இப்போது ஆடுவது மகளிர் அணி. எங்கே போனாலும் அவே ஸ்டாண்டில் தொண்ணூறு நிமிடமும் எழுந்து நிற்பார்கள். உயரம் குறைந்த பிள்ளைகளைக் கூட்டிப்போனால் முன்வரிசை டிக்கெட்டாகக் கேட்டு வாங்குங்கள்.

கோச்சில் இருக்கை தேர்ந்தெடுக்க விட்டால் கழிப்பறைக் கதவுக்கு எதிர் வரிசையைத் தவிருங்கள். பல வண்டிகளில் அது நடுவில், படி இறங்கும் இடத்தில் இருக்கும்; போகும்போது ஒன்றும் தெரியாது, திரும்பும்போது மூன்றாவது மணி நேரத்தில் தெரியும். முன்னிருந்து மூன்றாவது, நான்காவது வரிசை, ஜன்னலோரம். ஓட்டுநரின் வானொலியில் மற்ற ஆட்டங்களின் முடிவும் அங்கே காதில் விழும்.